வலி போன பிறகும் ஆறாத கணுக்கால்

கணுக்கால் பிசகிய ஒருவர் எந்த நாளில் மறுபடியும் அசெம்பிளி லைனில் நிற்கலாம்? ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வழியாகச் சிங்கபெருமாள் கோவில் வரை நீளும் சாலையோரத் தொழிற்சாலைப் பகுதியில் இது சின்னக் கேள்வி இல்லை. கார், லாரி, பைக், டயர், கண்ணாடி, செல்போன் என்று இங்கே உருவாகும் பொருள்கள் பலவகை. அவற்றை உருவாக்குகிறவர்களில் பெரும்பாலோர் ஷிப்ட் முழுவதும் நின்றே வேலை செய்கிறார்கள். விடிவதற்கு முன் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கும்போது ஜல்லியில் கால் மடங்குகிறது. கண்டெய்னர் லாரிக்கு வழிவிட்டு பைக்கை ஓரம் கட்டும்போது ஊன்றிய கால் சறுக்குகிறது. பேலட்டின் விளிம்பில் பாதி பாதம் பட்டுத் திரும்புகிறது. எக்ஸ்ரே எடுக்கிறார்கள், எலும்பு உடையவில்லை என்று தெரிந்ததும் கிரேப் பேண்டேஜ், மாத்திரை, சில நாள் ஓய்வு. வலி அடங்கியதும் ஆள் லைனுக்குத் திரும்பிவிடுகிறார்.

தவறு அந்தக் கடைசி வாக்கியத்தில் இருக்கிறது. வலி அடங்கும் நாளும் திசு ஆறும் நாளும் ஒன்றல்ல. இரண்டுக்கும் நடுவே பல வாரங்கள், சிலருக்குப் பல மாதங்கள் இருக்கின்றன. அந்த இடைவெளியில் தோலுக்கு அடியில் என்ன நடக்கிறது என்பதை வெளியிலிருந்தே ஒளியால் படிக்க முடியுமா என்று மருத்துவ ஆராய்ச்சி அரை நூற்றாண்டாகத் தேடி வருகிறது. அந்தத் தேடலின் முக்கியமான பாடங்களில் ஒன்று இதே சாலையின் தெற்கு முனையைத் தாண்டிச் சிறிது தூரத்தில், செங்கல்பட்டில் தொடங்கியது.

முதலில் காயத்தைப் பார்ப்போம். கணுக்காலின் வெளிப்புற எலும்பு முண்டிலிருந்து மூன்று தசைநார்கள் கிளம்பிப் பாதத்தைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. மக்கள் பேச்சில் ஜவ்வு என்று சொல்லப்படுபவை இவைதான். பாதம் உள்பக்கமாக மடங்கும்போது பெரும்பாலும் முதலில் கிழிவது முன்பக்கத் தசைநார். மூன்றில் பலவீனமானதும் அதுவே. சற்று அதிக விசை என்றால் நடுவில் உள்ளதும் சேர்ந்து கிழியும். எக்ஸ்ரே எலும்பை மட்டுமே காட்டும் என்பதால், ‘எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை’ என்ற செய்தி தசைநாரைப் பற்றி எதுவும் சொல்வதில்லை.

எக்ஸ்ரே யாருக்குத் தேவை என்பதற்கே நல்லதொரு விதி உண்டு. கனடாவின் ஒட்டாவா நகரில் இயன் ஸ்டீல் என்ற மருத்துவரின் குழு 1992இல் அதை வெளியிட்டது. கணுக்காலின் இருபக்க எலும்பு முண்டுகளின் பின்விளிம்பிலோ நுனியிலோ அழுத்தினால் வலிக்கிறதா, பாதத்தின் குறிப்பிட்ட இரண்டு எலும்புகளில் தொட்டால் வலிக்கிறதா, அடிபட்ட உடனேயும் மருத்துவமனையிலும் நான்கு அடி எடுத்துவைக்க முடிகிறதா? இவற்றில் எதிலும் சிக்கல் இல்லையென்றால் எலும்பு உடைந்திருக்க வாய்ப்பு மிக மிகக் குறைவு. பின்னர் பல நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, இந்த விதி விட்டுவிட்ட முறிவுகள் நூற்றுக்கு இரண்டுக்கும் குறைவாகவே இருந்தன. விரலும் நாலடி நடையும் மட்டுமே போதுமான இந்தச் சோதனையை ஒவ்வொரு தொழிற்சாலையின் முதலுதவி அறையிலும் கற்றுக்கொடுக்கலாம். வட தமிழகச் சாலைகளில் நாட்டு எலும்பு வைத்தியத்தின் ‘புத்தூர் கட்டு’ பலகைகள் நிறையத் தென்படுகின்றன. சுளுக்கு எடுக்கத் தெரிந்தவர் ஊருக்கு ஒருவராவது இருப்பார். அவர்கள்மேல் மக்கள் வைத்திருக்கும் நம்பிக்கையை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் புதிதாகக் கிழிந்து உள்ளே ரத்தம் கசியும் மூட்டை அன்றைக்கே எண்ணெய் போட்டு உருவிவிடுவது கசிவைக் கூட்டும்; உடைந்த எலும்பாக இருந்தால் முறிவை விலகவைக்கும்.

கிழிந்த தசைநார் மூன்று கட்டங்களில் ஆறுகிறது. முதல் சில நாள் வீக்கமும் சூடும்: ரத்த அணுக்கள் வந்து சிதைந்ததை அகற்றுகின்றன. பிறகு சுமார் ஆறு வாரம் வரை புதிய ரத்தக்குழாய்கள் முளைத்து, அவசரத்துக்கு ஒரு வகைக் கொலாஜன் நாரை உடல் அங்கே நிரப்புகிறது. இந்தப் புது நாருக்கும் பழைய நாருக்கும் உள்ள வித்தியாசம், அள்ளிப்போட்ட வைக்கோலுக்கும் முறுக்கிய வைக்கோல் புரிக்கும் உள்ள வித்தியாசம். இழுக்கும் திசையில் நார்கள் ஒழுங்காகப் படிந்து பலம் பெறும் மூன்றாம் கட்டத்துக்கு மாதங்கள் ஆகும், ஓராண்டையும் தாண்டலாம். வலியோ பெரும்பாலோருக்கு முதல் இரண்டு வாரத்திலேயே வேகமாகக் குறைந்துவிடுகிறது. வைக்கோல் அள்ளிப்போடப்பட்டுக்கொண்டிருக்கும்போதே வலி விடைபெற்றுவிடுகிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

இதன் விலை என்ன? டச்சு ஆய்வாளர்கள் 2008இல் வெளியிட்ட தொகுப்பாய்வில், ஓராண்டுக்குப் பிறகும் வலி இருப்பதாகச் சொன்னவர்கள் ஆய்வுக்கு ஆய்வு 5 முதல் 33 சதவீதம் வரை இருந்தார்கள். டப்ளினில் முதல்முறை கணுக்கால் பிசகியவர்களை ஓராண்டு தொடர்ந்து கவனித்து 2016இல் வெளிவந்த ஆய்வில், 40 சதவீதம் பேருக்கு அந்தக் கால் நிலையற்றதாகிப்போயிருந்தது. மேடு பள்ளத்தில் தானாகவே மடங்கும் கால். ‘வெறும் சுளுக்குதானே’ என்று நாம் சொல்லும் காயத்தின் கணக்கு இது.

கிழிந்தது நார் மட்டுமல்ல என்பதை லண்டன் அறுவை மருத்துவர் மைக்கேல் ஃபிரீமன் 1965இலேயே சொன்னார். தசைநாருக்குள் நுண்ணிய நரம்பு முனைகள் இருக்கின்றன. பாதம் எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று மூளைக்குச் சொல்பவை அவை. நாரோடு சேர்ந்து அவையும் சேதமாகின்றன. அதனால் கால் மடங்கத் தொடங்கும்போது அதைத் தடுக்க வேண்டிய தசை தாமதமாக விழித்துக்கொள்கிறது. இதற்கு அவர் கண்ட மருந்து ஆடும் பலகையில் நின்று சமநிலை பழகுவது. நெதர்லாந்தில் 522 விளையாட்டு வீரர்களிடம் நடத்தி 2009இல் வெளியான ஆய்வில், வழக்கமான சிகிச்சைக்குப் பிறகு எட்டு வாரம் வீட்டிலேயே இந்தப் பயிற்சியைச் செய்தவர்களுக்கு மறுபடி கால் பிசகும் வாய்ப்பு 35 சதவீதம் குறைந்தது. பெரிய கருவி வேண்டாம், கட்டணம் வேண்டாம். ஒற்றைக் காலில் நின்று பல் துலக்கினாலே தொடக்கம் ஆகிவிடும். ஐஸ் வைத்து அசையாமல் கிட என்ற பழைய அறிவுரையை 1978இல் பரப்பிய அமெரிக்க மருத்துவர் கேப் மெர்கின் பின்னாளில் தாமே அதைத் திருத்திக்கொண்டார். முதல் ஓரிரு நாள் கடந்ததும் தாங்குமளவு அசைப்பதும் ஊன்றுவதும் நல்லது என்பதே இன்றைய மருத்துவத்தின் நிலைப்பாடு.

தாங்குமளவு என்பது எவ்வளவு? யார் சொல்வது? வலி சொல்லும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். வலியே இல்லாதவர்களைப் பார்த்த ஒரு மருத்துவரிடம்தான் இதற்கான வேறு விடை இருக்கிறது.

பால் பிராண்ட் 1914இல் நம் கொல்லிமலையில் பிறந்தவர். பெற்றோர் ஆங்கிலேய மிஷனரிகள். லண்டனில் அறுவை மருத்துவம் படித்து 1946இல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்தார். மறு ஆண்டு, ராபர்ட் காக்ரேன் என்ற மருத்துவரின் அழைப்பில் செங்கல்பட்டு தொழுநோய் மருத்துவமனைக்குப் போனார். திருமணியில் இருக்கும் அந்த வளாகம் பின்னர் மத்திய அரசின் தொழுநோய் ஆராய்ச்சி நிறுவனம் ஆனது. ஒரகடத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். அங்கே கண்ட கைகளும் கால்களும் அவரை விடவில்லை. தொழுநோய் சதையை அழுகவைக்கிறது என்று அதுவரை நம்பிவந்தார்கள். வேலூரில் பல ஆண்டுகள் கவனித்து பிராண்ட் கண்டது வேறு: நோய் நரம்பைக் கொல்கிறது, வலி தெரியாததால் மனிதர் அடிபட்ட காலிலேயே நடந்து நடந்து அதை அழிக்கிறார்.

அப்படியானால் காயம் ஆறிவிட்டதா என்று நோயாளியைக் கேட்டுப் பயனில்லை. பாதத்தையே கேட்க வேண்டும். பிராண்ட் தம் உள்ளங்கையால் பாதத்தைத் தடவிப் பார்ப்பார். ஓரிடம் மற்ற இடத்தைவிடச் சூடாக இருந்தால் உள்ளே திசு நொந்துகொண்டிருக்கிறது, இன்னும் புண்ணாகவில்லை என்று பொருள். 1966இல் அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போன பிறகு, கையால் உணர்ந்ததை அகச்சிவப்பு வெப்பப் படக் கருவியால் அளக்கத் தொடங்கினார். கைக்குப் பிடிபடாத நுண்ணிய வெப்ப வித்தியாசமும் படத்தில் நிறமாகத் தெரிந்தது. உடல் திசுவின் நிலையை ஒளியால் கண்காணிக்கும் முறைக்கு இதைவிட எளிமையான, பயனுள்ள எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

அதன் இயற்பியல் இதுதான். நம் தோல் எப்போதும் ஒளிவிட்டுக்கொண்டிருக்கிறது. ஆனால் கண்ணுக்குத் தெரியும் ஒளி அல்ல, சுமார் 10 மைக்ரோமீட்டர் அலைநீளத்தில் உச்சம் காணும் அகச்சிவப்பு. திசு நொந்தால் ரத்த ஓட்டம் கூடும், தோல் சூடாகும், ஒளிர்வு கூடும். அமெரிக்காவின் ஜேம்ஸ் ஹார்டி 1934இல் அளந்து காட்டிய ஒரு விஷயம் நம்மவர்களுக்கு மிக முக்கியம்: இந்த அலைநீளத்தில் கறுப்புத் தோல், வெள்ளைத் தோல் என்ற பேதமே கிடையாது. எல்லா மனிதத் தோலும் கிட்டத்தட்ட ஒரே அளவில், ஏறக்குறைய முழுமையாக ஒளிர்கிறது.

வெப்பத்தைத் தனியாக அளந்தால் போதாது, இரண்டு காலையும் ஒப்பிட வேண்டும். பாதுகாப்பு ஷூவைக் கழற்றியதும் எந்தக் காலும் கொதித்துக்கொண்டுதான் இருக்கும். கால் மணி நேரம் காற்றாட வைத்து, இடது கணுக்காலின் ஒரு புள்ளியையும் வலது கணுக்காலின் அதே புள்ளியையும் பார்க்க வேண்டும். லாரன்ஸ் லேவரி, டேவிட் ஆம்ஸ்ட்ராங் குழுவினர் 2004 முதல் 2007 வரை வெளியிட்ட ஆய்வுகளில், உணர்வு குன்றிய பாதமுள்ள சர்க்கரை நோயாளிகளிடம் வீட்டிலேயே அகச்சிவப்பு வெப்பமானியைக் கொடுத்தார்கள். இரண்டு காலுக்கும் 2.2 டிகிரி செல்சியஸுக்கு மேல் வித்தியாசம் வந்தால் நடையைக் குறையுங்கள், கூப்பிடுங்கள் என்பது மட்டுமே அறிவுரை. அப்படிச் செய்தவர்களுக்குப் பாதப் புண்கள் வெகுவாகக் குறைந்தன.

சர்க்கரை நோயைப் பற்றி இங்கே கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். சென்னை ஆய்வாளர்கள் முன்னின்று நடத்திய ஐசிஎம்ஆர் இண்டியாப் ஆய்வு, 2023இல் நாட்டின் வயதுவந்தோரில் 11.4 சதவீதம் பேருக்கு, அதாவது சுமார் 10.1 கோடிப் பேருக்கு, சர்க்கரை நோய் இருப்பதாகக் கணித்தது. பல ஆண்டு சர்க்கரையால் கால் மரத்துப்போனவர்களுக்கு ‘சார்கோ பாதம்’ என்ற நிலை வரலாம். கணுக்காலோ பாதமோ திடீரென்று வீங்கும், சிவக்கும், சுடும்; வலி அதிகம் இருக்காது. ஆரம்பத்தில் எக்ஸ்ரேயும் சரியாகவே தெரியும். சுளுக்கு என்று நினைத்துக் கட்டுப் போட்டு நடக்கவிட்டால் சில வாரங்களில் பாதத்தின் எலும்புகள் நொறுங்கி உருவமே மாறிவிடும். இதற்கான சிகிச்சை பாதத்தோடு முழுவதும் ஒட்டிய மாவுக்கட்டு. பிராண்ட் வேலூரில் தொழுநோயாளிகளின் பாதப் புண்ணுக்குப் போட்டு, அமெரிக்காவுக்கு எடுத்துச்சென்ற கட்டு அது. எப்போது அதை அகற்றலாம் என்பதற்கு மருத்துவர்கள் வைத்திருக்கும் முக்கிய அளவுகோல் வெப்பம்: இரண்டு காலுக்கும் வித்தியாசம் 2 டிகிரிக்குள் வந்து அப்படியே நிலைக்க வேண்டும். நாற்பது வயதைத் தாண்டிய, சர்க்கரை உள்ள ஒருவர் கால் பிசகியது என்று வந்தால் இரண்டு காலையும் தொட்டுச் சூடு பார்க்காமல் அனுப்பக் கூடாது. இந்தக் கட்டுரையில் வாசகர் ஒன்றை மட்டும் நினைவில் வைக்க முடியுமென்றால் அது இதுவாக இருக்கட்டும்.

வெப்பம் தோலின் மேற்பரப்பைச் சொல்கிறது. உள்ளே போக வேறு ஒளி வேண்டும். கைவிரலை டார்ச் விளக்கில் பொத்தினால் சிவப்பாகத் தெரிகிறதே, அந்தச் சிவப்பும் அதைத் தாண்டிய அண்மை அகச்சிவப்பும் சதைக்குள் சில சென்டிமீட்டர் ஊடுருவும். 650 நானோமீட்டர் முதல் 950 நானோமீட்டர் வரை ஒரு ஜன்னல் திறந்திருக்கிறது. அதற்குக் கீழே ரத்தம் ஒளியைத் தின்றுவிடுகிறது, மேலே தண்ணீர் தின்றுவிடுகிறது. இந்த ஜன்னலுக்குள் ஆக்சிஜன் ஏற்றிய ஹீமோகுளோபினும் இறக்கிய ஹீமோகுளோபினும் வெவ்வேறாக நடந்துகொள்கின்றன. 660 நானோமீட்டர் சிவப்பை ஆக்சிஜன் இல்லாதது பல மடங்கு அதிகமாக உறிஞ்சும். 940இல் நிலைமை தலைகீழ். ஜப்பானியப் பொறியாளர் தகுவோ ஆயோயாகி 1974இல் இந்த இரண்டு ஒளியையும் நாடித்துடிப்போடு சேர்த்துப் படிக்க வழி கண்டார். கொரோனா காலத்தில் வீட்டுக்கு வீடு வந்துசேர்ந்த பல்ஸ் ஆக்சிமீட்டர் அதுதான். அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் ஃபிரான்ஸ் யோப்சிஸ் 1977இல், விரல் நுனியை விட்டு மூளைக்கும் இதயத்துக்கும் இதே ஒளியைச் செலுத்தித் திசுவின் ஆக்சிஜனை அளக்கலாம் என்று காட்டினார். லேசர் ஒளி நகரும் ரத்த அணுக்களில் பட்டுச் சிதறும்போது அதன் அதிர்வெண் மிக மிகச் சிறிதளவு மாறும். அதைக் கொண்டு ரத்த ஓட்டத்தின் வேகத்தை அறியும் முறையும் அதே எழுபதுகளில் வந்தது.

இவை கணுக்காலுக்கு என்ன செய்யும்? கொள்கை அளவில் நிறைய. ஆறாத தசைநாரைச் சுற்றிப் புது ரத்தக்குழாய்கள் இருக்கும். ஆற ஆற அவை குறையும். தோலின் மேல் ஒரு ஒளி உமிழியையும் மூன்று சென்டிமீட்டர் தள்ளி ஓர் உணரியையும் ஒட்டினால், உணரிக்கு வந்துசேரும் ஒளி சுமார் ஒன்றரை சென்டிமீட்டர் ஆழம் வரை போய்த் திரும்பியதாக இருக்கும். முன்பக்கத் தசைநார் அந்த ஆழத்துக்குள்ளேயே இருக்கிறது. வாரம் ஒருமுறை அளந்தால் ரத்தமும் ஆக்சிஜனும் ஏறி இறங்கும் கோடு கிடைக்கும். வலியின் கோட்டையும் இதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். அடிபட்ட காலில் வீக்கத்தின் அழுத்தம் கூடித் தசை ஆக்சிஜன் இன்றித் தவிக்கும் அபாய நிலையை முன்கூட்டி அறிய இம்முறையை ஏற்கெனவே சோதித்திருக்கிறார்கள். திருச்சியில் பிறந்த சி.வி. ராமன் 1928இல் கண்ட ஒளிச்சிதறலைக் கொண்டு கொலாஜனின் அமைப்பையே படிக்கும் முயற்சிகளும் நடக்கின்றன. அதில் வெற்றி கிடைத்தால் அள்ளிப்போட்ட நாரா, முறுக்கேறிய நாரா என்பதையே கேட்டுவிடலாம்.

ஆனால் மிகைப்படுத்த விரும்பவில்லை. கணுக்கால் ஒளிக்குக் கடினமான இடம். எலும்பும் தசைநாணும் தோலும் நெருக்கியடித்துக் கிடக்கின்றன; ஒளி எல்லாத் திசையிலும் சிதறுகிறது. வீக்க நீர் ஒளியின் பாதையை நீட்டிவிடுகிறது. வாராவாரம் வீக்கம் மாறினால் அளவும் மாறும், ஆறியதால் மாறியதா நீர் வடிந்ததால் மாறியதா என்று பிரிக்க வேண்டும். மூளைக்கும் தசைக்கும் இக்கருவிகள் மருத்துவமனைகளில் புழங்குகின்றன. பிசகிய கணுக்காலுக்கு அவை வழக்கமான சோதனை ஆகவில்லை.

இதைவிடப் பெரிய சிக்கல் நம் தோலின் நிறம். வெப்பப் படத்துக்கு நிறபேதம் கிடையாது என்றேன். சிவப்பு, அண்மை அகச்சிவப்பு ஒளிக்கு உண்டு. தோலிலுள்ள மெலனின் குறைந்த அலைநீள ஒளியை அதிகம் விழுங்கும். 660ஐ அதிகமாக, 940ஐக் குறைவாக. இரண்டின் விகிதத்தை நம்பியே இயங்கும் கருவி இதனால் ஏமாறுகிறது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் மைக்கேல் ஜோடிங் குழு 2020 டிசம்பரில் வெளியிட்ட ஆய்வில், ஆக்சிமீட்டர் நல்ல எண் காட்டியபோதும் ரத்தத்தில் ஆக்சிஜன் ஆபத்தான அளவுக்குக் குறைந்திருந்த நிலை வெள்ளையரில் 3.6 சதவீதம், கறுப்பினத்தவரில் 11.7 சதவீதம். கருவியை வடிவமைத்தபோது யாருடைய தோலில் சோதித்தார்களோ அவர்களுக்குத்தான் அது சரியாகச் சொல்லும். அமெரிக்க மருந்து ஒழுங்குமுறை அமைப்பு 2025 ஜனவரியில் வெளியிட்ட வரைவு வழிகாட்டுதல், பலவித நிறத் தோல் கொண்ட கூடுதலான மனிதர்களிடம் சோதிக்கச் சொல்கிறது.

ஒரகடத்தில் இதற்கு நேரடியான பொருள் இருக்கிறது. மருத்துவக் கருவிப் பூங்காக்களுக்கான மத்திய அரசுத் திட்டத்தில் 2021இல் தேர்வான நான்கு மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று; அந்தப் பூங்காவுக்கு ஒதுக்கிய இடம் ஒரகடத்தில் 350 ஏக்கர். திசுவை ஒளியால் படிக்கும் கருவி இங்கே உருவாகுமானால் முதல் சோதனை இங்குள்ள தோலிலேயே நடக்க வேண்டும்: ராமநாதபுரத்திலிருந்தும் திருவண்ணாமலையிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வேலைக்கு வந்து, சுற்றுப்புற விடுதிகளில் தங்கியிருக்கும் இளைஞர்களின் பலவகை மாநிறத்திலும் கறுப்பிலும், மே மாத வெயிலில், வியர்த்த காலில். வெளிநாட்டு அளவுத்திருத்தத்தை அப்படியே பதித்துப் பெட்டியில் போட்டு விற்றால், கறுத்த கணுக்கால் ஆறிவிட்டது என்று கருவி தவறாகச் சொல்லக்கூடும்.

கருவி சரியாகச் சொன்னாலும் கேட்க முடியுமா என்பது அடுத்த கேள்வி. கார்வில்லில் பிராண்ட் பெரும் முயற்சி ஒன்றைச் செய்தார். வலி தெரியாதவர்களுக்குச் செயற்கை வலி கொடுக்கும் கையுறையும் காலுறையும் தயாரித்தார். அழுத்தம் எல்லை மீறினால் முதலில் காதில் ஒலி. யாரும் பொருட்படுத்தாததால் பிறகு உடலில் மின் அதிர்ச்சி. அதுவும் தோற்றது. கையிலிருக்கும் வேலையை முடித்தாக வேண்டும் என்று நினைத்தவர்கள் இணைப்பைத் துண்டித்துவிட்டு வேலையை முடித்தார்கள். வலியை நாம் மதிப்பது அதை அணைக்க முடியாததால்தான் என்று அவர் உணர்ந்தார்.

லைனில் நிற்கும் தொழிலாளியும் அதே நிலையில்தான் இருக்கிறார். கணுக்கால் இன்னும் சூடாக இருக்கிறது என்று கருவி காட்டினாலும், லீவு எடுத்தால் சம்பளம் போகும், ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாது என்ற பயம் அந்த எச்சரிக்கையை அணைத்துவிடும். இதற்குச் சட்டத்தில் வழி இல்லாமல் இல்லை. மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குகிறவர்களுக்கான ஈஎஸ்ஐயில், வேலையில் அடிபட்டு வேலை செய்ய முடியாத காலத்துக்குச் சம்பளத்தில் சுமார் 90 சதவீதம் கிடைக்கும். வீட்டிலிருந்து வேலைக்கு வரும் வழியிலோ திரும்பும் வழியிலோ வேலையோடு தொடர்புடையதாக நேர்ந்த விபத்துக்கும் இது பொருந்தும் என்பது பலருக்குத் தெரியாது. பஸ் படியில் மடங்கிய கால் அந்தக் கணக்கில் வரலாம். நடந்ததை அன்றைக்கே எழுதிப் பதிவு செய்திருக்க வேண்டும். மற்றபடி நோய்க்கான விடுப்புக்கு 70 சதவீதம், ஆண்டில் 91 நாள் வரை.

அந்த நாள்களை எப்போது முடித்துவைப்பது என்பதை மருத்துவரின் சான்றிதழ் முடிவு செய்கிறது. இன்றைக்கு அவர் கையில் இருப்பது ‘இன்னும் வலிக்கிறதா?’ என்ற ஒரே கேள்வி. இரண்டு காலின் வெப்ப வித்தியாசம், அடிபட்ட காலில் மட்டும் நின்று எத்தனை விநாடி தாக்குப்பிடிக்கிறார் என்ற கணக்கு, இவை இரண்டையும் இப்போதே சேர்த்துக்கொள்ள முடியும். முதலாவதற்கு ஓர் அகச்சிவப்பு வெப்பமானி போதும், இரண்டாவதற்குச் சுவர்க் கடிகாரம் போதும். திசுவின் ஆக்சிஜனைப் படிக்கும் கருவி நம் தோலில் தேறி வந்த பிறகு மூன்றாவதாக அதையும் சேர்க்கலாம். அந்த எண்கள் மருத்துவரிடமும் தொழிலாளியிடமும் இருக்கட்டும். நிர்வாகத்தின் வருகைப் பதிவேட்டுக்குப் போக வேண்டிய தேவை அவற்றுக்கு இல்லை.